நெஞ்செரிச்சல்னாலே 'கேஸ்'தானா? இரைப்பை மேலே ஏறியிருக்கலாம்... செக் பண்ணுங்க!

ராத்திரி 11 மணிக்கு பரோட்டா, சால்னா. சாப்பிட்ட கையோடு படுத்துக்கிட்டு மொபைல். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் எரிச்சல், தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி. 'கேஸ்தான்'னு ஒரு மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கிடுறீங்களா? என்றைக்காவது ஒருநாள் என்றால் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், 'ஹையாட்டஸ் ஹெர்னியா' இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அது என்ன ஹெர்னியா?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைதான் உதரவிதானம். அதில் இருக்கும் ஒரு துளை வழியாகத்தான் உணவுக்குழாய் இறங்கிவந்து இரைப்பையோடு சேர்கிறது. அந்தத் துளை தளர்ந்துபோனால், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். வயது, உடல்பருமன், கர்ப்பம், விடாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாமே இதற்கு வழிவிடும்.

இதில் இரண்டு வகை முக்கியம். இரைப்பை மேலே ஏறி, இறங்கி சறுக்கி விளையாடும் வகைதான் பெரும்பாலானவர்களுக்கு. அமிலம் மேலே வருவதுதான் இதன் தொல்லை. இன்னொன்று, உணவுக்குழாய்க்குப் பக்கத்திலேயே இரைப்பை ஏறி உட்கார்ந்துகொள்ளும் வகை. அபூர்வம்தான், ஆனால் இரைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நெஞ்சு வலின்னா முதல்ல இ.சி.ஜி. மாரடைப்பும் சில நேரம் 'கேஸ்' மாதிரியே வரும் என்பதால், இதயத்தில் பிரச்னை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்து எண்டோஸ்கோப்பி. கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாகச் செலுத்தி, புண் இருக்கிறதா, இரைப்பை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பேரியம் என்ற வெள்ளைத் திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரேயில் இரைப்பையின் வடிவமே தெரிந்துவிடும். ஆபரேஷன் என்று முடிவானால், உணவுக்குழாய் சரியாகச் சுருங்கி விரிகிறதா என்று 'மானோமெட்ரி' பரிசோதனையும், 24 மணி நேரத்தில் எவ்வளவு அமிலம் மேலே வருகிறது என்ற கணக்கும் தேவைப்படலாம்.

எல்லோருக்கும் ஆபரேஷனா?

இல்லவே இல்லை. சிறிய ஹெர்னியா என்றால் எடையைக் குறைப்பது, தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்துவது, சிகரெட்டை விடுவது, டாக்டர் தரும் மாத்திரை... இதுவே பலருக்குப் போதும். ஆனா ஒண்ணு, மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். ஏறின இரைப்பையைக் கீழே இறக்காது.

மருந்துக்கு அடங்காதவர்கள், ரத்தக்கசிவால் ரத்தசோகை வந்தவர்கள், தொல்லை கொடுக்கும் இரண்டாவது வகை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபரேஷன் பரிந்துரைக்கப்படும். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். வயிற்றில் நான்கைந்து சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையைக் கீழே இறக்கி, விரிந்த துளையைத் தைத்துச் சிறிதாக்குவார்கள். துளை பெரிது என்றால் சிலருக்கு வலை வைப்பதும் உண்டு.

பிறகு, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மஃப்ளர் மாதிரி சுற்றித் தைப்பார்கள். அமிலம் மேலே வராமல் தடுக்கும் வால்வு இதுதான். 1956-ல் இந்த முறையை வெளியிட்டவர், ஜெர்மனியில் பிறந்த டாக்டர் ருடால்ஃப் நிசென். 1948-ல் ஐன்ஸ்டீனுக்கு வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்காக ஆபரேஷன் செய்தவரும் இவரேதான்!

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் கஞ்சி, ரசம் சாதம் போன்ற மென்மையான உணவுதான். விழுங்கக் கொஞ்சம் சிரமம், ஏப்பம் விட முடியாத உப்புசம் எல்லாம் வரலாம். பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். டாக்டர் ஓகே சொல்லும்வரை ஜிம், கனமான பொருள் தூக்குவது எல்லாம் வேண்டாம். சிலருக்கு ஹெர்னியா திரும்பவும் வரலாம் என்பதால், ஃபாலோ-அப்பைத் தவறவிடாதீங்க.

இதெல்லாம் இருந்தா லேட் பண்ணாதீங்க!

சாப்பாடு தொண்டையில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி... இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க. மேல்வயிற்றில் கடுமையான வலியோடு, ஓங்கரித்தும் வாந்தி வரவில்லை என்றால் அது எமர்ஜென்சி. மூச்சுத்திணறல், வியர்வையோடு நெஞ்சு வலி என்றாலும் அப்படித்தான். சோடா குடித்துப் பார்க்கும் நேரமில்லை அது. 108-க்கு போன் பண்ணுங்க!