நின்று வேலை பார்ப்பவர்களின் கால்கள்

திருப்பதி ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டும் பெண்கள், ஓட்டல்களில் சப்ளை செய்பவர்கள், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் முழுக்கப் பழம் நறுக்கும் தொழிலாளர்கள் என இங்கே பலருக்கும் வேலை நின்றபடிதான். மாலையானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். நாளடைவில் நீலநிறத்தில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு தெரியும். இதுதான் வெரிகோஸ் வெயின்.

உள்ளே நடப்பது என்ன?

காலில் உள்ள ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. ஏறியது திரும்ப இறங்காமல் தடுப்பவை சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள். அசையாமல் நின்றால் தசைக்கு வேலையில்லை. ரத்தம் தேங்குகிறது, சிரை விரிகிறது, வால்வு சரியாக மூடாமல் போகிறது. பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், வயது ஆகியவையும் காரணங்கள்.

படியேறலாமா?

திருப்பதி மலைக்கு ஏறும் அலிபிரி பாதையில் 3,550 படிகள். ஏறினால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. நடையும் படியேற்றமும் கெண்டைக்கால் தசையை இயக்குபவை. அவற்றால் இந்த நோய் வருவதில்லை. தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்பதுதான் கூடுதல் சிரமம். அங்கே அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். காலில் புண்ணோ ரத்தக்கட்டோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மலையேற வேண்டாம்.

புண் வரும்வரை பொறுக்காதீர்கள்

என்னை வருத்துவது சிகிச்சைக்கு வருவதில் காட்டும் தாமதம்தான். கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியபின்னும் தைலம் தேய்த்துக் காலம் கடத்துகிறார்கள். அங்கே சிறு கீறல் பட்டாலும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம். வலியில்லாத டாப்ளர் ஸ்கேன் பழுதடைந்த வால்வைக் காட்டிவிடும். திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா மருத்துவமனைகள் உள்ளன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம்.

ஆரம்ப நிலையில் அழுத்தக் காலுறை உதவும். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் அணிய வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் தமனி ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே அணியலாம். முற்றிய நிலையில் லேசர், ரேடியோ அலை, ஊசிமருந்து சிகிச்சைகள் உண்டு; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

புடைத்த சிரையிலிருந்து ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

முதலாளிகளுக்கு

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. திருப்பதி, சித்தூர் கடைக்காரர்களே, கவுன்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்களை உட்கார விடுங்கள்.