ஒன்றிலிருந்து பிறக்காத முதல்

இரண்டிலிருந்து இரண்டாவது, மூன்றிலிருந்து மூன்றாவது, நூறிலிருந்து நூறாவது. எண்ணுக்குப் பின்னால் ‘ஆம்’ அல்லது ‘ஆவது’ சேர்த்தால் வரிசையைச் சொல்லும் சொல் கிடைத்துவிடுகிறது. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும் விதி இது. ஆனால் ஓட்டப்பந்தயத்தில் எல்லோரையும் முந்தி வந்த பிள்ளை ‘ஒன்றாவதாக’ வந்தாள் என்று நாம் சொல்வதில்லை. முதலாவதாக வந்தாள் என்கிறோம். ‘முதல்’ என்ற சொல்லில் ‘ஒன்று’ எங்கேயும் இல்லை.

இது தமிழின் தனிப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ‘ஒன்’, ஆனால் ‘ஃபர்ஸ்ட்’. இந்தியில் ‘ஏக்’, ஆனால் ‘பஹ்லா’. ரஷ்ய மொழியில் ‘அதின்’, ஆனால் ‘பேர்விய்’. அரபியில் ‘வாஹித்’, ஆனால் ‘அவ்வல்’. ஒன்றோடொன்று உறவே இல்லாத மொழிக்குடும்பங்கள் ஒரே இடத்தில் ஒரே விதமாக விதியை மீறுகின்றன. தாமஸ் ஸ்டோல்ஸ், ல்யூபா வெசெலினோவா என்ற இரு மொழியியலாளர்கள் 321 மொழிகளின் வரிசைச் சொற்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த மொழி அமைப்புகளின் உலக நிலப்படத் தொகுப்பில் அது ஓர் அத்தியாயம். அதில் மிகப் பெரிய கூட்டம் 110 மொழிகள் கொண்டது: முதலுக்குத் தனிச்சொல், இரண்டிலிருந்து எல்லாம் எண்ணிலிருந்து பிறந்தவை. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் மொழிகள் 41 மட்டுமே. வரிசைச் சொற்களே இல்லாத மொழிகளும் 33 உண்டு.

ஏன் இப்படி என்பதற்குத் தமிழின் ‘ஆம்’ என்ற சின்ன ஒட்டே நல்ல விளக்கம். ‘ஆகும்’ என்பதன் சுருக்கம் ‘ஆம்’. ‘இரண்டாம் ஆள்’ என்றால், எண்ணிக்கொண்டே வரும்போது எவரிடம் வந்ததும் கணக்கு இரண்டு ஆகிறதோ அந்த ஆள். சோழர் கல்வெட்டுகளில் மன்னனின் ஆட்சியாண்டைக் குறிக்க ‘யாண்டு’ என்று தொடங்கி, எண்ணைப் போட்டு, ‘ஆவது’ என்று முடிப்பார்கள். அங்கேயும் ஆண்டுகள் கூடிக் கூடி அந்த எண் ஆகியிருக்கிறது. ஆக, இரண்டாவதும் ஏழாவதும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கப்படுபவை. வரிசையின் தொடக்கத்தில் நிற்பவரைக் கண்டுபிடிக்க எண்ண வேண்டியதில்லை. பார்த்தாலே போதும். அவர் இருக்கும் இடமே அவருக்குப் பெயர் கொடுத்துவிடுகிறது. முதல் என்பது எண்ணிக்கையின் விளைவாகப் பிறந்த சொல் அன்று. இடத்திலிருந்தோ, காலத்திலிருந்தோ, உடம்பின் உறுப்பிலிருந்தோ, ஒரு செயலிலிருந்தோ மொழிகள் அதை எடுத்துக்கொண்டன. எந்த மொழி எதை எடுத்தது என்று தேடிப் போனால் மனிதர்கள் ‘முதன்மை’யை எப்படி எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது தெரியவரும்.

தமிழ் எடுத்துக்கொண்டது அடியை. ‘முதல்’ என்றால் மரத்தின் அடிப்பகுதி, வேர், காரணம், தொடக்கம். இலக்கணத்தில் முதலும் சினையும் ஓர் இணை: மரம் முதல், கிளை சினை, யானை முதல், தந்தம் சினை. முழுப்பொருளுக்கே முதல் என்று பெயர் வைத்த இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது, மற்றவை அவற்றின்மேல் நிற்பதால். வியாபாரத்தில் போடும் பணமும் முதல்தான். லாபம் அதிலிருந்து கிளைக்க வேண்டும். தெலுங்கின் ‘மொதலு’, கன்னடத்தின் ‘மொதலு’ இரண்டும் இதே சொல். வரிசையில் முன்னால் நிற்பது என்பதைவிட, மற்றவை எதிலிருந்து கிளம்பினவோ அது என்ற எண்ணம் இந்தச் சொல்லில் ஆழமாக இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த எண்ணம். கிரேக்கர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள்: வேறு எண்களால் வகுபடாத எண்களை அவர்கள் ‘முதல் எண்கள்’ என்றார்கள், பெருக்கலில் மற்ற எண்களெல்லாம் அவற்றிலிருந்தே உருவாவதால். ஆங்கிலத்தின் ‘பிரைம்’ என்ற பெயர் அந்த வழியில் வந்தது. நாமோ வகுபடாமையைப் பார்த்துப் பகா எண் என்கிறோம்.

இந்தோ ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்டது முன்புறத்தை. முன், முன்னோக்கி என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரிலிருந்து சமஸ்கிருதத்தின் ‘பிரதம’, கிரேக்கத்தின் ‘புரோட்டோஸ்’, லத்தீனின் ‘பிரைமஸ்’, லிதுவேனிய மொழியின் ‘பிர்மஸ்’, ரஷ்ய மொழியின் ‘பேர்விய்’, ஆங்கிலத்தின் ‘ஃபர்ஸ்ட்’ அனைத்தும் கிளைத்தன. சமஸ்கிருதத்தில் ‘ப’ நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ நிற்பது வழக்கம். ‘பிதா’வும் ‘ஃபாதர்’உம் அப்படித்தான். இவற்றின் வால்பகுதியையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ஸ்ட்’, ‘பெஸ்ட்’ என்பதில் இருக்கும் அதே ‘ஸ்ட்’. அதாவது ‘ஃபர்ஸ்ட்’ என்றால் எல்லாவற்றிலும் மிக முன்னால் இருப்பது. எண்ணவில்லை, ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வேர் நம் அன்றாடத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது! நாட்டின் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்பவரைப் பிரதமர் என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் ‘பிரைம் மினிஸ்டர்’. இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். மாநிலத்துக்கு வந்தால் முதல்வர்: அதே பொருள், தமிழ்ச்சொல். 1838-இல் முல்டர் என்ற டச்சு வேதியியலாளர், பெர்சீலியஸ் சொன்ன யோசனையை ஏற்று, உயிருடல்களின் முதன்மைப் பொருள் என்று கருதிய ஒன்றுக்குப் ‘புரோட்டீன்’ என்று பெயரிட்டார். 1920-இல் ரூதர்ஃபோர்டு ஹைட்ரஜன் அணுக்கருவுக்குப் ‘புரோட்டான்’ என்ற பெயரை முன்வைத்தார். பருப்பில் இருக்கும் புரதத்துக்கும் அணுவுக்குள் இருக்கும் துகளுக்கும் கிரேக்கத்தின் ‘முதல்’ பெயர் தந்திருக்கிறது.

ஜெர்மானியர்கள் பாதி வழியில் பிரிந்தார்கள். அவர்களின் ‘எர்ஸ்ட்’ காலத்திலிருந்து வந்தது: மிக முந்தி நடந்தது, மிகச் சீக்கிரம் வந்தது. டச்சு மொழியும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் இடத்தைச் சொல்லும் சொல்லும் காலத்தைச் சொல்லும் சொல்லும் இரண்டுமே இருந்தன. பிறகு இடம் வென்றது. ஜெர்மனியில் காலம் வென்றது. தோற்ற சொல் அங்கே அழிந்துபோகவில்லை. ‘ஃபர்ஸ்ட்’டின் உடன்பிறப்பான ‘ஃபூர்ஸ்ட்’ ஜெர்மன் மொழியில் சிற்றரசர் என்ற பட்டமாக வாழ்கிறது. முதலில் நிற்பவர் ஆள்பவர் ஆவது பல மொழிகளில் நடந்ததுதான். ரோமாபுரியில் அகஸ்டஸ் ஏற்றுக்கொண்ட ‘பிரின்செப்ஸ்’ என்ற பட்டத்தின் முன்பாதி ‘முதல்’. ஆங்கிலத்தின் ‘பிரின்ஸ்’ அதன் வழிவந்தது. நம் முதலியும் முதலியாரும் இந்த வரிசையில் சேர்பவர்கள்.

எபிரேய மொழியில் முதல் ‘ரிஷோன்’. அது ‘ரோஷ்’ என்பதிலிருந்து வந்தது. ‘ரோஷ்’ என்றால் தலை. இதை விளக்க நமக்கு அகராதி வேண்டாம். முதலில் பிறந்தவன் தலைச்சன். கல்யாணமான பின் வரும் முதல் தீபாவளி தலைதீபாவளி. முதல் பேறு தலைப்பிரசவம். குடும்பத்துக்குள் முதன்மையைச் சொல்ல வரும்போதெல்லாம் தமிழ் தலையைத்தான் நாடியிருக்கிறது. எதிர்முனையில் கடைக்குட்டி.

எபிரேயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. பழைய ஏற்பாட்டின் தொடக்கத்தில் உலகம் படைக்கப்படும் நாட்கள் வரிசையாக வருகின்றன. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று வரிசைச் சொற்களால் போகும் அந்தப் பட்டியல், முதல் நாளை மட்டும் ‘ரிஷோன்’ என்று சொல்லாமல், மூலத்தில் ‘ஒரு நாள்’ என்று வெறும் எண்ணால் சொல்கிறது. உரையாசிரியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வரும்வரை அது முதல் நாள் ஆகாது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

சுவாஹிலியில் செயல். ‘குவான்சா’ என்றால் தொடங்குதல். முதலாவது எதுவும் ‘தொடங்குதலின்’ என்ற அடையைப் பெறும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1966-இல் தொடங்கப்பட்டு இன்றும் டிசம்பர் கடைசியில் கொண்டாடப்படும் குவான்சா விழாவுக்குப் பெயர், ‘முதற்கனிகள்’ என்ற சுவாஹிலித் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது.

முதலின் இடத்தில் எண்ணிக்கை புகவில்லை என்பதற்கு மிக அழகான சான்று பதினொன்றில் இருக்கிறது. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். திதிகள் பிரதமை, துவிதியை, திருதியை என்று போகும். துவிதியையில் இரண்டு இருக்கிறது, திருதியையில் மூன்று இருக்கிறது, பிரதமையில் ஒன்று இல்லை. பதினொன்றாம் திதிக்கு வந்தால் ஏகாதசி! அங்கே ‘ஏக’ தன் இடத்துக்கு வந்துவிட்டது. பத்தைத் தாண்டியபின் நிற்கும் இடத்தைக் கண்ணால் கண்டுகொள்ள முடியாது, எண்ணித்தான் ஆக வேண்டும். அதனால் எண் திரும்பி வருகிறது. தமிழிலும் பதினோராம் நூற்றாண்டு, இருபத்தோராம் நூற்றாண்டு. ‘முதல்’ அங்கே ஒட்டவே ஒட்டாது. அரபியில் முதல் ‘அவ்வல்’. ரபியுல் அவ்வல் என்ற மாதப் பெயரில் தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் சொல்லும் சொல் அது. பதினொன்றாவதோ ‘ஹாதீ அஷர்’. ‘வாஹித்’தின் எழுத்துகள் இடம் மாறி அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஹங்கேரியில் ஒன்று ‘எஜ்’, முதல் ‘எல்ஷோ’, ஆனால் பதினொன்றாவதில் மறுபடி ‘எஜ்’. பின்லாந்து மொழியும் பிரெஞ்சும் அதையே செய்கின்றன.

எல்லா மொழிகளும் இப்படி என்று சொன்னால் அது உண்மையாகாது. சீன மொழியில் எந்த எண்ணுக்கும் முன்னால் ‘தீ’ சேர்த்தால் வரிசைச் சொல். ஒன்றுக்கும் அதே விதி, விலக்கில்லை. துருக்கியில் ஒன்றிலிருந்து ஒழுங்காகப் பிறந்த ‘பிரிஞ்ஜி’யும் உண்டு, தனியாக நிற்கும் ‘இல்க்’ என்பதும் உண்டு. தமிழும் உண்மையில் இந்த இரட்டை வகைதான். பள்ளியில் சேரும் குழந்தை படிப்பது ஒன்றாம் வகுப்பு. ரயிலில் அதிகக் கட்டணம் கொடுத்து ஏறுவது முதல் வகுப்பு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். எண் ஒட்டிய வெறும் அடையாளச் சீட்டாக இருந்தால் ஒன்றாம். தரமோ முதன்மையோ சேர்ந்துவிட்டால் முதல். துறைமுகத்தில் ஏற்றும் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு மொத்தமுள்ள பதினொரு கூண்டுகளில் மிக லேசான எச்சரிக்கை. அதற்கு ‘முதல்’ என்ற கனமான சொல் பொருந்தாது. கன்னடத்திலும் சின்னப் பிள்ளைகள் படிப்பது ‘ஒந்தனே’ வகுப்புதான். எண்ணும்போதுகூட ஒன்றைத் தனியாக வைக்கும் பழக்கம் நம் களத்துமேட்டில் இருந்தது: நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லிப் போடுவார், அடுத்ததிலிருந்து ரெண்டு, மூணு என்று போகும். மங்கலத்துக்காகச் சொன்னது அது. கணக்கில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

முதலுக்கு எண்ணோடு ஒட்டு இல்லாததால் அதைக் கடன் வாங்குவதும் எளிது. மலாய் மொழியில் ‘கெதுவா’, ‘கெதிகா’ என்று இரண்டாவதும் மூன்றாவதும் சொந்த எண்களிலிருந்து வரும். முதலாவது மட்டும் ‘பெர்த்தாமா’: ‘பிரதம’ என்பதன் உருமாற்றம். தாய்லாந்தில் தொடக்கப்பள்ளி வகுப்புகளுக்கு ‘பிரதோம்’ என்று பெயர், அதுவும் அதே சொல். நம் ‘முதல்’ கப்பலேறிப் போனது வேறு பொருளில். மலாயிலும் இந்தோனேசியாவிலும் ‘மோடல்’ என்றால் வியாபார முதலீடு. சிங்களத்தில் ‘முதல்’ என்றால் பணம், கடைக்காரர் ‘முதலாளி’. வரிசைச் சொல்லுக்குச் சிங்களம் பிராகிருத வழியில் வந்த ‘பளமு’வை வைத்துக்கொண்டது. தமிழ் வணிகர்கள் எதற்காகக் கடல் கடந்தார்கள் என்று இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி இரண்டாவது. அந்த 321 மொழிகளில் 61-இல் முதலோடு இரண்டாவதும் எண்ணிலிருந்து பிறக்கவில்லை. லத்தீனின் ‘செகுந்துஸ்’ என்றால் பின்தொடர்வது. ஆங்கிலத்தின் ‘செகண்ட்’ பிரெஞ்சு வழியாக அங்கிருந்து போனது. போலந்து மொழியின் ‘துருகி’, தோழன் என்ற சொல்லோடு உறவுள்ளது. பின்லாந்தின் ‘தொய்னேன்’ என்ற ஒரே சொல்லுக்கு ‘மற்றது’ என்றும் பொருள், ‘இரண்டாவது’ என்றும் பொருள். ஹங்கேரியிலும் ‘மற்ற’ என்ற சொல்லே இரண்டாவதுக்கு அடி. பன்னிரண்டாவதுக்குப் போனால் வழக்கம்போல எண் திரும்பி வரும். தமிழில் இரண்டாம் என்பது எண்ணிலிருந்துதான் பிறந்தது என்றாலும் மறுநாள், மறுமணம், மறுவீடு எல்லாவற்றிலும் ‘மறு’ அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இரண்டாவதுக்கு இருந்த சொல் இன்றைய ‘அதர்’தான். பிரெஞ்சிலிருந்து வந்த ‘செகண்ட்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும் ஒரு மூலையில் அது பிழைத்திருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை சாப்பிடச் சொல்லும் மருத்துவர், ஆங்கிலத்தில் ‘எவ்ரி அதர் டே’ என்று சீட்டில் எழுதும்போது, ‘ஒவ்வோர் இரண்டாம் நாளும்’ என்ற பழைய பொருளில்தான் எழுதுகிறார்.