ஆள் வைத்து வேலை வாங்குகிறோமே, பொறுப்பு யாருடையது?



செஞ்சி வட்டாரத்தில் நம் குழுக்கள் பல இன்று சேமிப்பு, கடனோடு நிற்கவில்லை. மல்லாட்டை உடைப்பது, மசாலாப் பொடி அரைப்பது, தையல் என்று நாலு பேருக்கு வேலையும் கொடுக்கிறோம். கூலி கொடுத்தால் நாமும் முதலாளிதான். அங்கே ஒரு பெண்ணிடம் ஒருவன் தப்பாக நடந்தால் என்ன செய்வோம்?

நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம், ஊர்ப் பெயர் வேண்டாம். மூட்டை தூக்க வந்த ஆள், வேலை செய்த இளம்பெண்ணை உரசுவதும் இரட்டை அர்த்தத்தில் பேசுவதுமாக இருந்தான். அவள் ஊக்குநரிடம் சொன்னாள். "நீ கொஞ்ச நாள் வராம இரும்மா, தானா அடங்கிடும்" என்று பதில் வந்தது. நாங்களும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். அவள் கூலி போனது. அவன் மறுநாளும் மூட்டை தூக்கினான்.

இதற்கென்றே 2013-ல் சட்டம் வந்துவிட்டது. அதற்கு வழி திறந்தவர் நம்மைப் போன்ற ஒரு கிராமத்துப் பெண். ராஜஸ்தானில் அரசுத் திட்டப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் முதலாளிகளுக்கு விதிமுறை வகுத்தது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளியே உள்ளகப் புகார் குழு அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். நம் கூடங்களில் நாலைந்து பேர்தானே? அப்படியானால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். வட்டாரத்தில் புகார் வாங்க ஓர் அலுவலரை நியமிக்கவும் சட்டம் சொல்கிறது. அவர் 7 நாளில் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். விசாரணைக்கு 90 நாள்.

சமாதானம் பேசலாமா என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், புகார் குழு மூலமாகப் பேசலாம். காசு வாங்கிக்கொண்டு முடிக்கக் கூடாது. அவனையும் கூப்பிட்டு விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. இன்னொன்று, நம் பழக்கத்தில் எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டத்தில் வாசிப்போம். இதை அப்படிச் செய்யாதீர்கள். அவள் பெயர் வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

பெரிய ஆலைகளிலும் பாடம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன்பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்றும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் 2022-ல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டன. தொழிலாளிகளிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் பகுதியில் தொல்லை நடக்கிறதா என்று கவனிக்க வைத்தார்கள். சிறு பேச்சிலேயே பிடித்துவிட்டால் பெரிதாகாது அல்லவா? நம் கூடத்திலும் அப்படி ஒருவரை வைக்கக் காசு செலவில்லை.

மூட்டை தூக்குபவரை வேலைக்கு எடுக்கும் அன்றே, "இங்க இப்படிப் பேசினா வேலை இல்ல" என்று ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181; அதைக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.