கணக்கு எழுதுபவரின் சம்பளம் எந்தக் கணக்கில்?

கிராமத்துத் தொண்டு நிறுவனம் என்றதும் நாம் கேட்பது, "பணத்தை ஒழுங்கா செலவு பண்றாங்களா?" என்றுதான். அந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிற கணக்காளருக்கு யார் சம்பளம் தருவது? இதை யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டு நன்கொடைக்கான 2010 சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். அதற்கு முன் நன்கொடையில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம். இப்போது 20.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாம்பனில் பாசி எடுக்கும் பெண்களுக்குக் குழு நடத்தும் ஒரு அறக்கட்டளை. வருடத்துக்கு 10 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்கு 2 லட்சம், அதாவது மாதம் 16,666 ரூபாய். வாடகை, கரண்ட் பில், போன், ஆடிட்டர் ஃபீஸ், கணக்காளர் சம்பளம் எல்லாமே இதற்குள். 20 சதவீதம் பெரிய நிறுவனத்துக்குப் போதும். சின்னதுக்கு மூச்சு முட்டும். ஏன்னா ஆடிட், ஆண்டறிக்கை எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

எது நிர்வாகம் என்பதை விதிகளே சொல்கின்றன. கணக்கு வைப்பதும், அறிக்கை எழுதித் தாக்கல் செய்வதும் நிர்வாகம். பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் சம்பளம் அதில் சேராது. சரி, காலையில் குழுக் கூட்டம் நடத்திவிட்டு மாலையில் வவுச்சர் ஒட்டும் களப்பணியாளர்? அவர் சம்பளத்தைப் பிரித்துத்தான் எழுத வேண்டும். அதற்கு அன்றாட நேரப் பதிவேடு வேண்டும். அதை எழுதி, சரிபார்ப்பதும் நிர்வாகமே! (இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.)

முன்பெல்லாம் மதுரையிலோ சென்னையிலோ உள்ள பெரிய அமைப்பு வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, பதிவு பெற்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அதே திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இப்போது டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் திறந்து, நேரடியாகத்தான் வாங்க வேண்டும். பதிவுக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளில் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவு செய்திருக்க வேண்டும் என்று 2020 நவம்பர் விதி சொல்கிறது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.

இதோடு கடலின் காலண்டரும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுத் தடைக்காலம். படகை நம்பிய வீடுகளில் வருமானம் நிற்கும், குழுத் தவணை தள்ளிப்போகும். உள்ளூர் வரவு குறையும் அந்த மாதங்களில் "அந்தத் திட்டப் பணத்துல கொஞ்சம் எடுத்துச் சமாளிப்போம், அப்புறம் போட்டுடலாம்" என்று தோன்றும். திருடும் எண்ணமே இல்லாதவரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: வெளிநாட்டுப் பணமும் உள்ளூர்ப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கக் கூடாது.

உள்நாட்டு நன்கொடைக்கு இந்த 20 சதவீத வரம்பு கிடையாது. ராமேஸ்வரம் பக்கத்து அமைப்பு ஒன்றுக்கு மாதம் ஆயிரம் அனுப்புகிறவர், "இதைக் கணக்காளர் சம்பளத்துக்கே வச்சுக்கோங்க" என்று எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.