சர்வருக்கும் சாவி வேண்டும்

சங்கத்தின் இரும்புப் பெட்டியை எவரும் பூட்டாமல் விட்டுச் செல்வதில்லை. ஆயினும் பங்குத் தொகை, நூல் இருப்பு, கூலிக் கணக்கு யாவும் இன்று அடங்கியுள்ள சர்வரின் சாவி எத்தனை பேரிடம் உள்ளது என்று வினவினால், விடை கிடைப்பது அரிதாகிறது.

அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்திற்கு, நூல் ஆலை எழுதியது போலவே ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகவும், நூல் கிரயத்தைப் புதிய கணக்கில் செலுத்துமாறும் அது கூறியது. முகவரியில் ஓரெழுத்தே வேற்றுமை. குமாஸ்தா பழைய எண்ணில் ஆலையை அழைத்து விசாரித்தமையால், தறிக்காரர்களின் தீபாவளிக் கூலி தப்பியது.

சர்வரோ, யார் எப்போது நுழைந்தார் என்று தானே நாட்குறிப்பு எழுதி வருகிறது. அங்கு அதனை ஒருவரும் திறந்ததில்லை. நாம் திறந்தபோது, வேலையை விட்டு விலகிய ஒருவரின் பெயரில் எவரோ நள்ளிரவுகளில் நுழைந்து கடிதங்களைப் படித்திருந்தமை புலனாயிற்று. ஆலையுடனான கொடுக்கல் வாங்கல் வஞ்சகனுக்கு எவ்வாறு தெரிந்தது என்பதற்கு விடை அதுவே.

இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் காத்துவைக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு கட்டளையிட்டது. காத்தல் மட்டும் போதாது. வாரமொருமுறை படித்தலும் வேண்டும். விலகியவர் பெயரை அன்றே நீக்குக. கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பையும் அமைத்திடுக. கணக்கின் நகலொன்றை, இணைப்பில் இராத வட்டில், வேறிடத்தில் வைத்திடுக. மென்பொருள் திருத்தங்களைத் தாமதியாது ஏற்றுக. 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய வான்னாகிரைக்கு உரிய திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. பணம் பறிபோயின் அக்கணமே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ரொக்க இருப்புப் புத்தகத்துடன் சர்வரின் நாட்குறிப்பையும் மேசைமேல் வைக்குமாறு அங்கத்தினர்கள் கேட்பார்களாக.