குளோரினும் ஈரமும் (ஆலை வாயுக்கள் – தொடர்)

உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். மறுபக்கம் குளோரின் வெளிவரும். மேட்டூரிலும் ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்திலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில் இதுதான். பிவிசி குழாய், பூச்சிமருந்து, மாத்திரை, குடிநீர் என்று குளோரின் தொடாத இடம் குறைவு. 1774-இல் ஷீலே இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். இது ஒரு தனிமம் என்று 1810-இல் சொன்னவர் ஹம்ப்ரி டேவி.

பச்சை கலந்த மஞ்சள் நிறமுள்ள இந்த வாயு காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் கசிந்தால் மேலே போகாது; தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். மைனஸ் 34 டிகிரியில் திரவமாகிவிடும் என்பதால் அழுத்தம் கொடுத்துத் திரவமாகவே சிலிண்டரில் அடைக்கிறார்கள். அந்தத் திரவம் ஒரு லிட்டர் வெளியே வந்தால் சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும்.

குளோரின் செய்யும் கெடுதல் பெரும்பாலும் ஈரத்தின் வழியாகவே நடக்கிறது. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாம் ஈரமானவை. அங்கே குளோரின் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகித் திசுவை அரிக்கின்றன. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நெடி தெரியும். 10 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து உண்டாக்கும் அளவு; 1,000 பங்கை எட்டினால் சில மூச்சுகளே போதும். மூக்கை மட்டும் நம்பவும் முடியாது, சிறிது நேரத்தில் அது நெடிக்குப் பழகிவிடும்.

இரும்பின் கதையும் இதுதான். ஈரமில்லாத குளோரின் சாதாரண வெப்பத்தில் இரும்பை ஒன்றும் செய்யாது. அதனால்தான் எஃகு சிலிண்டரில் அடைக்க முடிகிறது. துளி ஈரம் சேர்ந்தால் அதே எஃகு அரிக்கப்படும். டைட்டானியம் இதற்கு நேர்மாறு. ஈரக் குளோரினைத் தாங்கும். உலர்ந்த குளோரினில் தீப்பற்றி எரியும். குழாய்க்கு எந்த உலோகம் என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததைப் பொருத்துவது எவ்வளவு பெரிய வினை என்பதற்கு இது ஒன்றே போதும்.

உடலை அரிப்பது, உலோகத்தை அரிப்பது என்ற இரண்டையும் ஒரே ஊர் ஒரே இரவில் பார்த்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற ஆலை நகரம். 2005 ஜனவரி 6 விடியுமுன், தவறான தண்டவாளத்துக்குத் திரும்பிய சரக்கு ரயில் அங்கே நின்றிருந்த ரயிலில் மோதியது. ஒரு டேங்கர் வேகன் கிழிந்து ஏறத்தாழ 60 டன் குளோரின் வெளியேறியது. 9 பேர் இறந்தார்கள். 5,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பக்கத்திலிருந்த நூல் ஆலையின் இயந்திரங்களை வாயு அரித்துத் தின்றது. அந்த நிறுவனம் மீளவே இல்லை, 2006-இல் மூடிவிட்டது.

குடிநீரில் குளோரின் கலக்கும் நீரேற்று நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது 900 கிலோ கொள்ளும் ‘டன்னர்’ என்ற பெரிய சிலிண்டர். அதைப் படுக்கவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு முனையிலுள்ள இரண்டு வால்வுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும்படி உருட்டி வைத்தால், மேல் வால்வில் வாயுவும் கீழ் வால்வில் திரவமும் வரும். ஒவ்வோர் இணைப்புக்கும் புது ஈய வாஷர் போட வேண்டும். மரைக்கு எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது, குளோரின் அவற்றோடு கடுமையாக வினைபுரியும். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கி வால்வைத் திருகுவது பல இடங்களில் பழக்கமாகவே இருக்கிறது. தண்டு முறிய அது நேர்வழி. டன்னர் காலியானதும் வால்வை உடனே மூடாவிட்டால் குழாய்வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அரிப்பு உள்ளிருந்தே தொடங்கும். வாயுவை வேகமாக எடுத்தால் டன்னரில் பனி படியும். அப்போது தீயால் சூடாக்கவே கூடாது. டன்னரின் உருகும் பிளக்குகள் 70 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்.

கசிவைத் தேட அம்மோனியாக் கரைசலில் நனைத்த துணியை இணைப்பின் அருகே காட்டினால் போதும். ஓட்டை இருக்குமிடத்தில் வெண்புகை எழும். அங்கே தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் பலரும் செய்யும் தவறு. அமிலம் உண்டாகி ஓட்டை பெரிதாகும். டன்னரை உருட்டி ஓட்டையை மேலே கொண்டுவந்தால் திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வெளியேறும். கசியும் அளவு பல மடங்கு குறையும். காஸ்டிக் சோடாக் கரைசலோ சுண்ணாம்புப் பாலோ வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். இந்த வேலைக்குப் போகிறவர் முதுகில் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும். ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைவது தற்கொலை. வாயு தரையில் தேங்கும் என்பதால் விசிறியும் கசிவு உணர்கருவியும் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். விசிறியின் சுவிட்ச் அறைக்கு வெளியே.

கேட்பாரற்றுக் கிடக்கும் சிலிண்டர் காலியாகத்தான் இருக்கும் என்று நம்பக்கூடாது. 2010 ஜூலையில் மும்பை சிவ்ரியில், துறைமுக வளாகத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பழைய சிலிண்டரிலிருந்து குளோரின் கசிந்து நூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள்.

வெளியே இருப்பவர்கள் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து மேடான இடத்துக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உடையைக் களைந்து, கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவி, நடக்கவிடாமல் ஓய்வில் வைக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் நிகழலாம். ‘இப்போது பரவாயில்லை’ என்று அவரே சொன்னாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதே நல்லது.

ஆலைப் பக்கமே போகாத வீட்டிலும் குளோரின் பிறக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில் ஆசிட்டை ஊற்றினால் வெளிவருவது இதே வாயுதான். இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.