ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஆண் எலிக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?

ஏற்காடு போய்த் திரும்புகிறவர்கள் பையில் காபித்தூள், மிளகோடு ஆரஞ்சும் இருக்கும். அதன் தோலைக் கிள்ளினால் குப்பென்று ஒரு வாசனை அடிக்குமே, அதில் பெரும்பங்கு லிமோனின் என்ற பொருளுடையது. ஜூஸ், சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் என்று நாம் தினமும் புழங்குவதுதான்.

1990-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட முடிவு கொஞ்சம் பகீர் ரகம். நீண்டகாலம் லிமோனின் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. பெண் எலிகளுக்கு வரவில்லை. சுண்டெலிகளில் இரு பாலுக்குமே வரவில்லை.

அப்போ ஆண் எலிக்கு மட்டும் என்ன பிரச்சினை?

ஹார்மோன்தான். நமக்கு யூரின் டெஸ்ட்டில் புரோட்டீன் அதிகம் என்றால் டாக்டர் முகம் மாறும். எலிக்கு அது சகஜம். வயதுக்கு வந்த ஆண் எலியின் கல்லீரல், டெஸ்டோஸ்டிரான் தூண்டுதலில் 'ஆல்ஃபா 2யூ குளோபுலின்' என்ற புரதத்தை ஏராளமாகச் செய்கிறது. அது ரத்தத்தில் கலந்து, சிறிய மூலக்கூறு என்பதால் சிறுநீரக வடிகட்டியைச் சுலபமாகத் தாண்டிவிடும். விதைப்பையை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ அளவு சரியும். சுண்டெலியிலும் இதன் உறவுக்காரப் புரதம் உண்டு. பெண்ணைவிட ஆணுக்குப் பல மடங்கு. பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரான் கொடுத்தால் அதன் அளவும் எகிறும்.

இத்தனை புரதத்தை ஏன் வெளியே கொட்ட வேண்டும்? வாசனைக்காக. இந்தப் புரதத்தின் நடுவே ஒரு குழி உண்டு. அதில் வாசனை மூலக்கூறுகள் தங்கி, மெல்ல மெல்லக் கசியும். எலிகளுக்கு அதுதான் விசிட்டிங் கார்டு. நம்மூர் வீட்டெலியிலும் இந்தப் புரதமும் அதில் ஒட்டிய வாசனைப் பொருட்களும் இருப்பதை, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜி. அர்ச்சுனன் குழு 2009-ல் பதிவு செய்தது.

சிக்கலே அந்தக் குழியில்தான். உடலில் லிமோனின் மாறி உருவாகும் ஒரு பொருள் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு சிறுநீரகச் செல்களால் புரதத்தைச் செரிக்க முடிவதில்லை. அது தேங்கி, செல்கள் சாக, ஈடுகட்டப் புதிய செல்கள் வேகவேகமாகப் பெருக, கடைசியில் கட்டி. கல்லீரலில் இந்தப் புரதத்தைச் செய்யாத ஒரு எலி இனத்தில், ஆண்களுக்கும் பாதிப்பு இல்லை.

மனிதர்கள் இந்தப் புரதத்தைச் செய்வதே இல்லை. அதனால் இந்த வழியில் மட்டும் வரும் கட்டிகளை மனிதருக்கான ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991-ல் முடிவெடுத்தது. ஆண் எலிகளை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் ஆரஞ்சுக்குக் கெட்ட பெயர் நிலைத்திருக்கும்!

காற்றுபட்டு பழசான லிமோனின் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும் என்பது உண்மை. அதற்கும் எலிக்கும் சம்பந்தமில்லை.